முக்கால் அடித் தண்ணீரில் கடல் மீன்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், கம்யூனிட்டி ஹாலில் பேசியதன் எழுத்து வடிவம்)

லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் "சார், உங்க கடல் மீன் தொட்டி எப்படி இருக்கு?" என்று கேட்பவர்களில் பாதிப் பேர் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். தொட்டி அமைப்பதைப் பற்றிப் பேசினால் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும். அதில் எந்த மீனை விடலாம் என்பதை மட்டும் சொல்கிறேன். நான் தப்புப் பண்ணியதும் அதில்தான்.

என் தொட்டி நாலடி நீளம், இரண்டடி அகலம். தண்ணீர் நிற்பது 22 சென்டிமீட்டர்தான். மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு இப்படிச் செய்யச் சொன்னேன். சுமார் 160 லிட்டர். இதே நீள அகலத்தில் இரண்டடி உயரத்துக்கு நிரப்பினால் 430 லிட்டருக்கு மேல் போகும். மூன்றாவது மாடிக்காரனுக்கு இது ஒரு நிம்மதி.

முதலில் வாங்கியது ஃபயர்ஃபிஷ். முன்பாதி வெளுப்பு, பின்பாதி நெருப்புச் சிவப்பு, விரல் நீளம்தான். "சின்னத் தொட்டி, சின்ன மீன், சரியா இருக்கும் சார்" என்றார் கடைக்காரர். நாலாம் நாள் காலை என் பேத்தி அதை சோபாவுக்கு அடியில் கண்டெடுத்தாள், காய்ந்துபோய். இரண்டு நாள் அவள் தொட்டிப் பக்கமே வரவில்லை.

பிறகுதான் படித்தேன். அந்த மீன் கடலில் தன் வளைக்கு மேலே அந்தரத்தில் மிதக்கும். பயந்தால் விருட்டென்று பாயும். கடலில் மேலே பாய்ந்தாலும் தண்ணீர்தான். என் தொட்டியில் ஒரு சாண் மேலே போனால் ஹால். ஆகவே மீனின் அளவைக் கேட்காதீர்கள். அது தண்ணீரில் எந்த மட்டத்தில் வாழ்கிறது, பயந்தால் எந்தப் பக்கம் ஓடும் என்று கேளுங்கள்.

நான் தூத்துக்குடிக்காரன். அலை வாங்கிய பிறகு பாறைக் குழிகளில் முழங்கால்கூட நனையாத தண்ணீரில் என்ன இருக்கும்? உளுவை இருக்கும், பாறையை ஒட்டிக் கிடக்கும் பிளென்னி இருக்கும். ஆழமில்லாத தொட்டிக்கும் அவைதான் சரி. இப்போது என்னிடம் ஒரு மஞ்சள் வாட்ச்மேன் கோபி இருக்கிறது, உளுவை இனம். அதோடு ஒரு பிஸ்டல் இறாலும். இறாலுக்குக் கண் பார்வை மிகக் குறைவு. அது வளை தோண்டும், மீன் வாசலில் காவல் நிற்கும். இறால் தன் மீசையை மீன் மேல் வைத்தபடியே வேலை செய்யும். ஆபத்து என்றால் மீன் வாலை ஆட்டும், இரண்டும் உள்ளே. நம் கேட் செக்யூரிட்டியைவிட விழிப்பு! அந்த இறால் ராத்திரியில் 'டக்' என்று சொடுக்கும். முதல் நாள் என் மனைவி கண்ணாடி விரிசல் விட்டதென்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

கூட ஒரு டெயில்ஸ்பாட் பிளென்னி. பாசியைக் கொறித்துக்கொண்டு கல்லுக்குக் கல் தாவும். அப்புறம் ஒரு ஜோடி கோமாளி மீன். கடலில் ஒரே சாமந்தியைச் சுற்றிக் குடித்தனம் நடத்தும் ஜாதி, நீந்த அதிக இடம் கேட்காது. தொட்டியில் பிறந்து வளர்ந்த குஞ்சாகவே கேட்டு வாங்குங்கள். அவற்றை இனப்பெருக்கம் செய்யும் முறையை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் செய்து காட்டியிருக்கிறது. ஆக மொத்தம் நாலு மீன். ஐந்தாவது வேண்டாம்.

குழந்தைகள் கேட்பது 'ஃபைண்டிங் நீமோ'வில் வரும் நீல டோரி. அது ஓரடி வரை வளரும், ஓயாமல் நீந்தும். வேண்டாம். மாண்டரின் அழகோ அழகு, தரையிலேயே இருக்கும், குதிப்பதும் குறைவு. ஆனால் கல்லிடுக்கில் உள்ள நுண்ணுயிர்களைத்தான் நாள் முழுக்கத் தின்னும். நாம் போடும் தீனியைப் பெரும்பாலும் தொடாது. புதுத் தொட்டியில் கண்ணெதிரே இளைத்துச் செத்துப்போகும். கடல் குதிரை, பவளம் இரண்டையும் யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை, வைத்திருப்பதே குற்றம்.

இன்னொரு விஷயம், தாங்கும் மீனாகப் பார்த்து எடுங்கள். மே மாதம் மின்விசிறி போட்டால் என் தொட்டியில் தினம் மூன்று, நாலு லிட்டர் ஆவியாகிறது. ஆழமான தொட்டியில் அரை சென்டிமீட்டர் குறைந்தால் ஒன்றும் தெரியாது. 22 சென்டிமீட்டரில் இரண்டு நாள் மறந்தால் உப்பு 35லிருந்து 36க்கு மேல் ஏறிவிடும். போகிற தண்ணீருக்குப் பதில் ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் அல்ல. உப்பு ஆவியாவதில்லை.

மேலே கொசு வலை அடித்த சட்டம் ஒன்று போட்டிருக்கிறேன். பிளென்னியும் கோபியும்கூட எப்போதாவது குதிக்கும். விளக்கைப் பட்டென்று போடுவதில்லை. முதலில் ஹால் விளக்கு, கால் மணி நேரம் கழித்துத் தொட்டி விளக்கு. பார்க்க வருகிறவர்கள் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வாருங்கள், கோபி வாசலில் நிற்கும் நேரம். கண்ணாடியை மட்டும் தட்டாதீர்கள்.