முருங்கையும் விதை உரிமையும்



திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணலிலும் முருங்கை வளருகிறது. அதன் கீரைச்சத்து மாலைக்கண் வராமல் காக்க உதவும். அப்படியிருக்க, அம்மரத்தில் பேய் குடியிருப்பதாகப் பயப்படுவது அறிவுடைமையாகுமா என்று நாம் கேட்கிறோம்.

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியார் கண்ட பி.கே.எம். 2 முருங்கைக்குப் பெற்றோரில் ஒன்று, நம் ஜில்லா எப்போதும்வென்றான் நாட்டுரகமேயாகும். புது ரகம் வந்ததென்று நாட்டு மரத்தை வெட்டினால், நாளைய ஆராய்ச்சிக்கு மூலம் எங்கிருந்து வரும்? முருங்கைப்பூ அயல்மகரந்தம் ஏற்பது. விதையிட்டால் குணம் மாறலாம். ஆகையால் நல்ல மரத்தைப் போத்து நட்டே காக்கவேண்டும்.

விதையைச் சேமிக்கவும், மாற்றிக்கொள்ளவும், கம்பெனி முத்திரையின்றி விற்கவும் 2001-ம் வருஷத்துச் சட்டம் விவசாயிக்கு உரிமை கொடுத்திருக்கிறது. விதையைக் கைவிட்டவன் போகந்தோறும் கடைவாசலில் நிற்கவேண்டியவனே. உரிமை ஏட்டோடு நிற்பதும், தோட்டத்துக்கு வருவதும் நம் கையிலேயே இருக்கிறது.