தராசு சொல்லாத செய்தி



இரயில்வே பார்சல் அலுவலகத்தில் மூட்டைகளை எடை போட்டு ரசீது எழுதும் எழுத்தன் நான். தராசு எடையைச் சொல்லும். உள்ளே இருப்பது பஞ்சா, இரும்பா என்று சொல்லாது. என் உடம்பின் திறத்தில் மட்டும் இதனை மறந்தேன். இருபதாண்டுகளாக எடை ஏறவில்லை என்று இறுமாந்திருந்தேன். சென்ற ஆண்டு மருத்துவர், "சர்க்கரை நோய்" என்றார். மெலிந்த உடம்பிலும் குடலைச் சுற்றியும் ஈரலுக்குள்ளும் கொழுப்பு ஒளிந்திருக்கும். அதுவே இந்நோய்க்கு வழிகோலும் என்று விளக்கினார்.

ஒளிந்ததை அளந்து காட்டுவது எம்.ஆர்.ஐ. கருவி. நீரிலும் கொழுப்பிலும் ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. வலிய காந்தத்தினுள் வானொலி அலை பட்டதும் அவை மறுகுரல் கொடுக்கின்றன. 1.5 டெஸ்லா காந்தத்தில் அவ்விரு குரல்களுக்கும் வினாடிக்குச் சுமார் 220 அதிர்வுகள் வேற்றுமை. 1984-இல் டிக்சன் என்னும் அறிஞர் இதனைக் கொண்டு ஒரு வழி கண்டார். ஒரு படத்தில் இரு குரல்களும் இணைந்து நிற்கும். மற்றொன்றில் எதிர்த்து நிற்கும். இரண்டையும் கூட்டினால் நீரின் படம். கழித்தால் கொழுப்பின் படம். எழுத்தர் கணக்குத்தான்! எக்ஸ்-கதிரும் இதில் இல்லை.

ஆயினும் செலவு மிகுதி. எல்லோருக்கும் இது வேண்டுவதில்லை. முதல் எச்சரிக்கைக்குத் தையற்காரர் நாடா போதும். வயிற்றுச் சுற்றளவு ஆடவர்க்கு 90, பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் மருத்துவரை அணுகுங்கள். தராசை மட்டும் நம்பி என்னைப்போல் ஏமாறாதீர்கள்.