மலையோரச் சபைகளுக்கு எந்த இறையியல் படிப்பு?



குருத்துவப் படிப்பு பல்கலைக்கழகத்துக்குள் நடப்பதால் சபைக்கு என்ன பயன்? அமெரிக்க மெதடிஸ்டுகள் இதற்குச் செயலால் பதில் சொன்னார்கள். 1914இல் தொடங்கிய கேண்ட்லர் இறையியல் பள்ளி, அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கம். அங்கே எம்.டிவ். மூன்றாண்டுப் படிப்பு. சட்டம், மருத்துவம், பொதுச் சுகாதாரம் எல்லாம் அதே பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. வகுப்போடு சேர்த்துச் சிறையிலும் மருத்துவமனையிலும் வீடற்றோர் விடுதியிலும் மாணவர்கள் பணி செய்கிறார்கள். சபைப் பயிற்சி அதற்குப் பிறகு.

நம் நாட்டில் வழி வேறு. 1818இல் உருவான செராம்பூர் கல்லூரிக்கு 1827இல் டென்மார்க் மன்னர் பட்டமளிக்கும் உரிமை தந்தார். 1918ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அதன் செனட்தான் இன்று பெங்களூர், கேரளத்துக் கண்ணம்மூலை, மதுரை அரசரடிக் கல்லூரிகளுக்குப் பட்டம் வழங்குகிறது. வெஸ்லியன் மெதடிஸ்டுகள் 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தார்கள். அவர்கள் விட்டுச்சென்ற கல்விப் பற்று இக்கல்லூரிகளில் கலந்திருக்கிறது.

அரசரடியைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். 1969இல் பிறந்த தமிழ்நாடு இறையியல் கல்லூரி, பி.டி. பட்டத்தைத் தமிழிலேயே படிக்க வழி செய்தது. மாணவர்களை வளாகத்துக்கு வெளியே, ஏழை மக்களின் குடியிருப்புகளில் தங்கவைத்துப் படிக்கச் செய்தது. அங்கே கற்பித்த, மக்கள் ‘பரட்டை’ என்றே அறிந்த தியோபிலஸ் அப்பாவு நாட்டார் மெட்டுகளை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஊர் கூடி ஒரே உலையில் பொங்கி உண்பதை அவர் இறையியலாகவே கண்டார். கல்வி மக்கள் மொழியில் இறங்கும்போது கடவுளைப் பற்றிய பேச்சே மாறிவிடுகிறது என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சான்று தெரியாது.

இனி நம் மலைகளுக்கு வருவோம். கேரளத்தின் தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் சபையாருக்குத் தமிழ். தாலுகா அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் மலையாளம். பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கமும் நிலை இதுதான். கத்தோலிக்கர் இதை உணர்ந்தார்கள். இப்பகுதிக்கென 2013இல் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் உருவானது. நம் ஆயரோ ஒரு மொழியில் படித்துவிட்டு, மற்றதில் தட்டுத்தடுமாறி அடக்க ஆராதனை நடத்துகிறார்.

இலங்கையில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1963இல் மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன், பாப்டிஸ்ட் முதலிய சபைகள் சேர்ந்து கண்டிக்கு அருகே பிலிமத்தலாவையில் ஒரு கல்லூரி கண்டன. சிங்களத்திலும் தமிழிலும் பாடம். இரு மொழி மாணவருக்கும் ஒரே வளாகம். அதைச் சுற்றியுள்ள மலைநாட்டிலும் நம்மைப் போலவே தேயிலை, வரிசை வீடுகளான லயம், கூலிக்கணக்கு.

நம் மலைகளில், 2015 செப்டம்பரில் ‘பெம்பிளை ஒருமை’ என்று திரண்ட தோட்டப் பெண்கள் போனஸ் கேட்டுச் சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டு மூணாறு வீதியில் அமர்ந்தார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து 70 உயிர்கள் போயின. இவ்விரண்டும் நம் குருமாணவரின் பாடத்தில் இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். ஓய்வு பெற்றதும் லயத்தைக் காலி செய்ய வேண்டிய தாய்க்கு ஆயர் என்ன சொல்வார்? ஜெபம் சொல்வார், சொல்லட்டும். தோட்டத் தொழிலாளருக்கான சட்டத்தையும் கிராஜுவிட்டிக் கணக்கையும் எடுத்துச் சொல்லத் தெரிந்தவராகவும் அவர் இருக்க வேண்டும். அதற்குச் சட்டமும் மண்ணியலும் கற்பிக்கும் பல்கலைக்கழகத் துறைகளின் துணை வேண்டும். பல்கலைக்கழக உறவை நான் விரும்புவது இதற்காகத்தான். பட்டத்தின் மதிப்புக்காக மட்டும் என்றால் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன்.

புதிய கல்லூரி கட்டச் சொல்லவில்லை. அரசரடியும் கண்ணம்மூலையும் ஆளுக்கு ஒரு மாணவரை ஓராண்டு நம் மலைகளுக்கு அனுப்பட்டும். இருவரும் ஒரே லயத்தில் தங்கி, ஒருவர் மற்றவரின் மொழியில் பிரசங்கிக்கப் பழகட்டும். அவர்களுடைய தங்கும் செலவை இந்த நிகழ்வை நடத்தும் அறக்கட்டளையின் வட்டியிலிருந்து தரலாமா என்று பொறுப்பாளர்கள் இன்று மாலைக் கூட்டத்திலேயே பேச வேண்டுகிறேன்.