பல்லினச் சமுதாயத்தில் நாம்



பல்லினப் பண்பாடு என்றதும் தெலுக் ஆயர் சாலையைக் காட்டுவது நம் வழக்கம். 1830இல் கட்டி முடிந்த நாகூர் தர்கா. சில கட்டடங்கள் தள்ளி, 1842இல் நிறைவடைந்த சீனர்களின் தியான் ஹொக் கெங் ஆலயம். அன்று கடல் அந்தச் சாலையை ஒட்டியே கிடந்தது. கப்பலிலிருந்து இறங்கிய நம்மவர்களும் சீனர்களும், உயிரோடு கரை சேர்ந்ததற்கு அவரவர் முறையில் நன்றி சொன்ன இடம். பெருமைதான். ஆனால் அது முன்னோர் சம்பாதித்தது.

நம் தாத்தாமார்கள் அதிகம் படிக்கவில்லை. பசார் மலாயில் எல்லாரிடமும் பேசினார்கள். நாங்கள் ஜூலை 21, இன நல்லிணக்க நாளன்று பள்ளியில் உடை மாற்றிப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டோம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் எல்லா இனத்தாரோடும் சேர்ந்து புராஜெக்ட் செய்தோம். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதில்லை.

எங்கள் துணிக்கடைக்கு அடுத்த கடை ஒரு சீனப் பெரியவருடையது. சீனர்களின் ஏழாம் மாதத்தில் தகரப் பீப்பாயில் காகிதம் எரிப்பார். சாம்பல் எங்கள் துணிகள்மேல் வந்து விழும். நாங்கள் பெருந்தன்மையாக எதுவும் சொல்லவில்லை. (கடைக்குள் நின்று முணுமுணுத்தது கணக்கில் இல்லை.) ரமளானில் அவருக்கும் ஒரு டப்பா நோன்புக் கஞ்சி கொடுப்போம். சிரித்தபடி வாங்கிக்கொள்வார்.

ஒரு நாள் அத்தா சாம்பலைப் பற்றி மலாயில் கேட்டே விட்டார். "முன்பே சொல்லியிருக்கலாமே!" என்று அவர் அன்றே பீப்பாயைப் பின்சந்துக்கு மாற்றினார். பிறகு தயங்கித் தயங்கி அவரும் ஒன்று கேட்டார்: கஞ்சியில் மாட்டிறைச்சி உண்டா? அவர் குவான் இன் தெய்வத்தை வணங்குபவர், மாட்டிறைச்சி தொடமாட்டார். எங்கள் மனம் நோகக்கூடாதே என்று ஆண்டுதோறும் வாங்கி, வேறு யாருக்கோ கொடுத்து வந்திருக்கிறார். எங்கள் கஞ்சியிலோ ஆட்டுக்கறி!

இரு பக்கமும் மரியாதை குறையவில்லை, சண்டையும் இல்லை. இதைத்தான் நல்லிணக்கம் என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தோம். வீவக குடியிருப்புகளில் 1989 முதல் இன விகிதம் வகுத்திருக்கிறார்கள். அடுத்தடுத்த கதவுகள் நமக்குக் கிடைத்துவிட்டன. தட்டுவது யார்? சங்கம் தொடங்கி ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. நம் விருந்துகளுக்கு நாம் அழைத்து வந்த பக்கத்து வீட்டார் எத்தனை பேர்?

பெரியவர் இப்போது கடைக்கு வருவதில்லை. மகன்தான் பார்த்துக்கொள்கிறார். எங்கள் வயதுதான், ஆங்கிலத்தில் நலம் விசாரித்துக்கொள்வோம். சென்ற ரமளானில் கஞ்சி டப்பாவை நீட்டினோம். அவரும் சிரித்தபடி வாங்கிக்கொண்டார். சாப்பிட்டாரா என்று நாங்கள் இன்னும் கேட்கவில்லை.