பார்ப்பவர் எங்கே நிற்கிறார்?

ஓர் இயற்பியல் ஆசிரியரின் நினைவாக அவருடைய மாணவர்கள் நிறுவிய அறக்கட்டளையின் சொற்பொழிவு இது. கேள்வி கேட்கும் பிள்ளையை அவர் ஒருநாளும் அடக்கியதில்லை என்று பலரும் சொன்னார்கள். அந்த ஆசிரியருக்கு மரியாதையாக, இயற்பியலில் இன்னும் தீராத ஒரு கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன்: அளப்பது என்றால் என்ன?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பிடிக்கிறவர்கள் மைக்ரோமீட்டரை அறிவார்கள். அழுத்திப் பிடித்தால் அளவு தவறும்; அதற்காகவே அதில் ராட்செட் இருக்கிறது. ஆனால் நாம் அளப்பதற்கு முன்பே அந்த உருளைக்கு ஒரு விட்டம் உண்டு என்பதில் பட்டறையில் யாருக்கும் ஐயமில்லை. அணுவிடம் அந்த உறுதி செல்லாது. அணு ஒரே நேரத்தில் இரண்டு நிலைகளின் கலவையாக இருக்க முடியும் என்கிறது ஷ்ரோடிங்கரின் 1926ஆம் ஆண்டுச் சமன்பாடு. அளந்தாலோ ஒரு நிலைதான் கிடைக்கிறது. மற்றது எங்கே போனது?

அளப்பது அணுவை என்ன செய்கிறது என்று ஆராய்ந்தவர்களில் ஒருவர், தாம்பரம் சென்னை கிறித்தவக் கல்லூரியில் படித்த இ.சி.ஜி. சுதர்சன். 1980களில் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். அவரும் பைத்யநாத் மிஸ்ராவும் 1977இல் வெளியிட்ட கட்டுரை வியப்பான ஒரு முடிவைச் சொன்னது: ஒரு குவாண்டம் அமைப்பை இடைவிடாமல் அளந்துகொண்டே இருந்தால் அது மாறாமல் நின்றுவிடும். கிரேக்க அறிஞர் ஜீனோவின் நகராத அம்பை நினைத்து இதற்கு ‘ஜீனோ’ என்று பெயர் வைத்தார்கள்.

1990இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் வேய்ன் இடானோ குழுவினர் இதைச் சோதித்தார்கள். சுமார் 5,000 பெரிலியம் அயனிகளை மின்காந்தப் பொறியில் அடைத்து, 256 மில்லிவினாடிக்கு ரேடியோ அலை செலுத்தினார்கள். குறுக்கிடாமல் விட்டால் அத்தனை அயனிகளும் கீழ்நிலையிலிருந்து மேல்நிலைக்குப் போய்விடும். நடுவில் லேசர் துடிப்புகளை அனுப்பி அளந்தால் கதை மாறுகிறது. கீழ்நிலை அயனி ஒளிரும். மேல்நிலை அயனி இருண்டிருக்கும். கோட்பாட்டின்படி, இரண்டு முறை அளந்தால் பாதிதான் மாறும். நான்கு முறைக்கு 37.5 சதவீதம், 64 முறைக்கு நான்கு சதவீதம்கூட இல்லை. சோதனை இதற்கு ஒத்துப்போனது.

‘அளக்கும்போது, நிலைகளின் கலவையை விவரிக்கும் அலைச்சார்பு ஒரே நிலையாகச் சரிகிறது என்பதற்கு இதுவே சான்று’ எனத் தோன்றலாம். 1991இல் லெஸ்லி பாலண்டைன் மறுத்தார்: லேசரையும் அயனியையும் ஒரே சமன்பாட்டில் எழுதினால் போதும், சரிவு என்று தனியாக ஒன்று தேவையில்லை, அதே எண்கள் கிடைக்கும். இந்த இடத்தை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். அயனியைத் தடுத்தது மனிதக் கண் அன்று, மனமும் அன்று. லேசர் ஒளியோடு அது கொண்ட உறவுதான்.

இதே பாதையில் முழுத் தொலைவும் நடந்தவர் ஹ்யூ எவரெட். 1957இல் வெளியான அவருடைய பிரின்ஸ்டன் ஆய்வு கருவியையும் பார்ப்பவரையும் சமன்பாட்டுக்குள்ளேயே வைத்தது. அப்படி வைத்தால் எந்த விடையும் அழிவதில்லை. ஒளிர்வைக் கண்ட நான் ஒரு கிளையில், இருளைக் கண்ட நான் இன்னொரு கிளையில். பிரைஸ் டிவிட் 1970களில் இதைப் ‘பல உலகங்கள்’ என்று பரப்பினார்.

இதில் ஓர் உண்மையான இடர் உண்டு. எல்லா விடைகளும் நிகழ்கின்றன என்றால், நான்கு சதவீதம் என்பதற்கு என்ன பொருள்? 1999இல் டேவிட் டாய்ச், பகுத்தறிவோடு முடிவெடுப்பவர் எப்படிப் பந்தயம் கட்டுவார் என்பதிலிருந்து நிகழ்தகவு விதியை வருவிக்க முயன்றார். அந்த வாதத்தை எல்லோரும் ஏற்கவில்லை. எனக்கும் அது நிறைவளிக்கவில்லை.

ஆகவே எண்ணற்ற உலகங்கள் உண்டென்று நான் உங்களிடம் அடித்துச் சொல்ல மாட்டேன். எவரெட் வைத்த முதல் அடியை மட்டும் முழு மனதோடு ஏற்கிறேன்: இயற்கைக்கு வெளியே நின்று அதைப் பார்க்க யாருக்கும் இடமில்லை. கருவியும் அணுக்களால் ஆனது, நாமும் அப்படியே. அளப்பவருக்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்பவர், அது எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதையும் காட்டியாக வேண்டும். அந்தக் கடமையை இளைய மாணவர்கள் தங்கள் ஆசிரியர்களுக்கு விடாமல் நினைவூட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.