கோட்டையோடு திரும்பிவிடாதீர்கள்



பள்ளிச் சுற்றுலா என்றால் நம் வேடசந்தூர்ப் பக்கத்தில் மைசூருக்கும் கொடைக்கானலுக்கும் பேருந்து பிடிக்கிறோம். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஹைதர் அலியும் திப்புவும் அடங்கிய கும்பஸைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைக்கு, ஹைதரின் தங்கை அமீருன்னிசா பேகம் திண்டுக்கல் பேகம்பூரில் அடங்கியிருப்பது தெரியாது. அந்த ஊர்ப்பெயரே அவரால் வந்தது என்பதும் தெரியாது. திண்டுக்கல்லுக்கே போனாலும் மலைக்கோட்டையில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறோம். நான் கேட்பது இதுதான்: மலைக்கோட்டை, பேகம்பூர், கோபாலசமுத்திரம், விருப்பாச்சி ஆகிய நான்கையும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சாதியோ மதமோ பட்டா எழுதிக்கொள்கிறது. வரிசையாகப் பார்த்தால் அந்தப் பட்டா ஒன்றுகூடச் செல்லாது.

கோட்டையிலிருந்தே தொடங்குவோம். மதுரை முத்து கிருஷ்ணப்ப நாயக்கர் 1605-இல் தொடங்கிய கோட்டை அது. திருமலை நாயக்கர் அதை விரிவாக்கினார். 1755-இல் ஹைதர் அலி திண்டுக்கல்லின் பவுஜ்தாராக, அதாவது படைத்தலைவராக வந்து, பிரெஞ்சுக்காரர்களின் துணையோடு ஆயுதச்சாலை அமைத்தார். பாறையில் வெட்டிய படிகளில் ஏறிப்போனால் கல்லுக்கு மேல் செங்கல் மதில் எழும்பி நிற்பதைக் காணலாம். பீரங்கி மேடை, தானியம் சேர்த்த அறை, கைதிகளை அடைத்த அறை, பாறைச் சரிவையே வாய்க்காலாக்கி மழைநீரைப் பிடித்த தொட்டிகள் எல்லாம் இன்றும் இருக்கின்றன. முற்றுகை நடந்தால் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டவனின் மூளை அந்தத் தொட்டிகளில் தெரிகிறது. கோட்டையிலிருந்து விருப்பாச்சிக்கு வருவோம். 1772-இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பின், சிவகங்கை அரசி வேலு நாச்சியார் மகளோடும் மருது சகோதரர்களோடும் ஒதுங்கிய இடம் விருப்பாச்சி. தெலுங்கு பேசும் பாளையக்காரர் கோபால நாயக்கர், சிவகங்கைச் சீமையின் அரசிக்கு எட்டு ஆண்டு நிழல் கொடுத்தார். மைசூரின் முஸ்லிம் அதிபதி ஹைதர் அந்த அரசிக்குப் படை கொடுத்தார். 1780-இல் நாச்சியார் சிவகங்கையை மீட்டார். இந்த வெற்றியை எந்தச் சாதியின் கணக்கில் எழுதுவீர்கள்?

அடுத்த அத்தியாயம் கசப்பானது. 1790-இல் கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் கோட்டையைப் பிடித்தார். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திண்டுக்கல் சீமை கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. பணியாத விருப்பாச்சி கோபால நாயக்கர், அண்டைப் பாளையங்களை ஒரே கூட்டணியாகக் கட்டினார். 1800 ஜூன் 3-ஆம் தேதி கோவைக் கோட்டையைத் தாக்கும் திட்டம் குலைந்துபோக, பிடிபட்டவர்களில் 42 பேரைக் கம்பெனி தூக்கிலிட்டது. மறு ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி நாயக்கரையும் தூக்கிலிட்டார்கள். அந்த இடம் திண்டுக்கல்லின் கோபாலசமுத்திரக் குளக்கரை என்று ஊர் சொல்கிறது. பேருந்துச் சத்தத்துக்கு நடுவே அந்தக் கரையைத் தினமும் கடந்துபோகிறோம்.

இந்தப் பயணத்துக்கு மறுப்பு வரும் என்பது எனக்குத் தெரியும். “பாளையங்களை அடக்கிக் கப்பம் வாங்கத்தானே ஹைதர் இங்கு வந்தார்? அவரை எப்படி நம்மவர் என்பது?” என்பார்கள். நியாயமான கேள்வி. அவர் அடக்கவும் செய்தார். அதே கை பின்னர் நாச்சியாருக்குப் படையும் தந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்லாத வழிகாட்டி நமக்கு வேண்டாம். பிள்ளைகள் இந்தச் சிக்கலைத் தாங்க மாட்டார்கள் என்று நினைப்பது அவர்களைக் குறைத்து மதிப்பிடுவதாகும். “எல்லாம் தோற்ற இடங்கள்தானே, இதில் பெருமை என்ன?” என்று இன்னொருவர் கேட்பார். 2006-இல் வைகைக் கரையில், புலிமான்கோம்பையில், தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று ஆநிரைப் பூசலில் மாண்ட அந்தவன் என்பவனின் கல். அவன் நாடாண்டவன் இல்லை, வென்று வந்தவனும் இல்லை. இறந்தவனுக்குக் கல் நட்டுப் பெயர் வெட்டியது நம் மரபு. பெல்ஜியத்தின் மெனின் வாயிலில், முதல் உலகப்போரில் மாண்டு கல்லறைகூட இல்லாத 54,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்களை 1927-இல் பொறித்து வைத்தார்கள். நாம் அந்தவனுக்குச் செய்ததை அந்த 42 பேருக்குச் செய்யவில்லை. விருப்பாச்சியில் தலைவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. உடன் மாண்டவர்களைப் பற்றி அங்கே பிள்ளைகளிடம் நாம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

“குடகனாற்றில் தண்ணீர் இல்லை, இது இப்போது தேவையா?” என்பவர்களுக்கும் பதில் உண்டு. மைசூர்ச் சுற்றுலாவுக்கு ஆகும் செலவில் சிறு பங்கு போதும். கரூர் சாலையில் தாடிக்கொம்பைக் கடந்து திண்டுக்கல், அங்கிருந்து பழனி சாலையில் ஒட்டன்சத்திரம் தாண்டி விருப்பாச்சி, பிறகு ஒட்டன்சத்திரம் வழியாகவே வேடசந்தூர். காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் வீடு வந்துவிடலாம். நேரம் இருந்தால் தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயில் மண்டபத் தூண்களையும் பார்த்துவிடலாம்.

செப்டம்பர் 5 ஆசிரியர் தினம். கோபால நாயக்கர் தூக்கிலேறிய நாளும் அதுவே. இங்கே வந்திருக்கும் தலைமையாசிரியர்களிடம் நான் வைக்கும் கோரிக்கை ஒன்றுதான்: இந்த ஆண்டு அந்த வாரத்தில் ஒரு வகுப்பையாவது இந்த வழியில் அழைத்துப் போங்கள். கிளம்புவதற்கு முன்பே 1755, 1772, 1800, 1801 என்ற நான்கு ஆண்டுகளையும் கரும்பலகையில் எழுதி, அவற்றில் என்ன நடந்தது என்று பிள்ளைகளையே தேடிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.