புகை விடும் எஞ்சின்
(ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்குச் செய்யப்பட்ட உபந்நியாசம்)



2018-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 16-ஆம் தேதி வேதாரண்யத்திற்கு அருகே ‘கஜா’ புயல் கரையேறியபின், நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை ஜில்லாக்களில் எத்தனையோ கிராமங்கள் பல நாள் மின்சாரமின்றித் தவித்தன. குடிநீர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதற்கும் வாடகை ஜெனரேட்டரையே ஜனங்கள் நாடவேண்டியதாயிற்று. சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு சிறு ஜெனரேட்டர் இருப்பதன் பிரயோஜனம் இத்தகைய நாளில்தான் விளங்கும். ஆனால் அந்நாளிலேயே அது குபுகுபுவென்று புகை கக்கினால் என் செய்வது? எஞ்சினைப் பிரித்து ரிங்கு மாற்றச் சங்கப் பணத்தைச் செலவிடுமுன், புகையின் நிறத்தைக் கவனித்தல் அவசியம். நோயின் குறியை அறிந்தே மருந்து தேடவேண்டும்.

கறுப்புப் புகை வந்தால், பெட்ரோல் மிகுதி, காற்றுக் குறைவு என்று அறிக. அடுப்பில் விறகை நெருக்கித் திணித்தால் புகைவது போன்றதே இது. கிளப்பியபின் சோக்கைத் திறவாமல் விட்டிருக்கின்றனரா என்று முதலில் பார்க்கவேண்டும். அடுத்து ஏர் பில்ட்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அது ஸ்பாஞ்சினால் ஆனதாயின், சோப்பு நீரில் அலசி, நன்றாக உலர்த்தி, சிறிது எஞ்சின் ஆயிலில் தோய்த்துப் பிழிந்து மாட்டலாம். காகித பில்ட்டரை நனைத்தல் ஆகாது. இவ்விரண்டும் சரியாயிருந்தும் கறுப்புப் புகை நில்லாவிடில், கார்புரேட்டரை மெக்கானிக்கிடம் காட்டுவது நலம்.

நீலம் கலந்த புகை வந்தால், ஆயில் எரிகிறது என்பது பொருள். ரிங்கு தேய்ந்துவிட்டது என்று உடனே தீர்மானிப்பது தவறு. வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்த எஞ்சினில் ஆயில் சிலிண்டருக்குள்ளும் பில்ட்டரிலும் ஏறிவிடும். அதனை நிமிர்த்தி வைத்து, பில்ட்டரைச் சுத்தம் செய்து, வெட்டவெளியில் ஓட்டினால் சில நிமிஷங்களில் புகை தானே அடங்கும். கயிறு இழுக்க வராமல் இறுகியிருந்தால் பலவந்தம் செய்யலாகாது; பிளக்கைக் கழற்றி மெல்ல இழுத்து, உள்ளே தங்கிய ஆயிலை வெளியேற்ற வேண்டும்.

பின்னர் எஞ்சினை நிறுத்தி, சமதரையில் வைத்து, ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். குறிக்கு மேல் ஊற்றியிருந்தாலும் நீலப் புகை வரும். மிகுதியை வடித்தால் போதும். ஒருவரும் ஊற்றாமலே ஆயில் மட்டம் உயர்ந்திருந்து, பெட்ரோல் வாடையோ மண்ணெண்ணெய் வாடையோ வீசினால், எரியாத எண்ணெய் கீழே இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்திருக்கிறது என்று கொள்க. ‘ஆயில் நிறைய இருக்கிறது’ என்று மகிழ்ந்து அவ்வாறே ஓட்டுவோர் எஞ்சினையே இழப்பர். அந்த ஆயிலை முற்றிலும் மாற்றி, காரணத்தையும் நீக்கவேண்டும். இவையெல்லாம் பார்த்தபின்னும் நீலப் புகை நில்லாமல், அடிக்கடி ஆயிலும் குறைந்துவந்தால், அப்பொழுதே ரிங்கு, வால்வு முதலியவற்றைச் சோதிக்கச் செலவு செய்வது நியாயம்.

குளிர்ந்த காலையில் கிளப்பியவுடன் தோன்றி மறையும் வெண்புகை பெரும்பாலும் ஈரத்தின் ஆவியே. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் எஞ்சினைச் சூடேறுமுன் மாற்றினாலும் காட்டமான வெண்புகை வரும். பொறுத்திருந்து மாற்றுவதே அதற்குப் பரிகாரம்.

இனி, புகையைக் காட்டிலும் கொடியது ஒன்று உண்டு. நன்றாக ஓடும் எஞ்சினிலிருந்தும் கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயு வெளிவருகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் வலிமையாக அது பற்றிக்கொள்ளும். மழைக்கு அஞ்சி ஜெனரேட்டரைத் திண்ணையிலோ, கூடத்திலோ, பம்பு அறையிலோ வைத்து ஓட்டுவது உயிருக்கே ஆபத்து; ஜன்னலைத் திறந்துவைப்பது போதாது. வீட்டிலிருந்து 20 அடிக்குக் குறையாத தூரத்தில், புகைக்குழாய் வாசலை நோக்காதபடி வைக்கவேண்டும். அருகிலிருப்பவருக்குத் தலைவலி, மயக்கம் கண்டால், தாமதமின்றி வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து வைத்திய உதவி தேடவேண்டும்.

பொதுச் சொத்தில் அனைவருக்கும் உரிமை உண்டு. பொறுப்பு மட்டும் ஒருவருக்கும் இல்லாமற் போவதே வழக்கம். ஆகையால் சங்கம் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, எடுத்துச் சென்றவர் பெயர், ஓடிய மணி, ஆயில் மாற்றிய தேதி, திரும்பி வந்தபோது புகையின் நிறம் ஆகியவற்றைப் பதிவு செய்தல் வேண்டும். பல சிறு எஞ்சின்களுக்குப் புதிதில் 20 மணி ஓடியதும், பின்னர் 100 மணிக்கு ஒருமுறையும் ஆயில் மாற்றுவது முறை. உடன்வந்த கைப்புத்தகம் கூறுவதே முடிவு. மாதம் ஒருமுறை சிறிது நேரம் ஓட்டிப் பார்க்கும் சங்கத்தாருக்கு, புயல் வரும் நாளில் குடிநீருக்குக் குறைவு நேராது.